ஹன்டிங்டன் நோய்

ஹன்டிங்டன் நோய் என்பது மூளையின் நரம்பணுக்களைப் படிப்படியாக அழிக்கும் ஒரு பரம்பரை நோய் ஆகும். இது உடல் இயக்கம், சிந்தனை, மனநிலை ஆகிய மூன்றையும் பாதிக்கின்றது. பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் வெளிப்பட்டு, ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளில் மரணத்தில் முடிகின்றது.

அமெரிக்க மருத்துவரான ஜார்ஜ் ஹன்டிங்டன் 1872 ஆம் ஆண்டில், தமது 22 ஆவது வயதில், இந்நோயைத் தெளிவாக விவரித்தார். லாங் தீவில் மருத்துவர்களாக இருந்த அவரது தந்தையும் பாட்டனாரும் அதே குடும்பங்களைத் தலைமுறைகளாகக் கண்டிருந்தனர். தனியொரு மருத்துவரின் பணிக்காலத்தில் இதன் பரம்பரைப் போக்கு எளிதில் புலப்பட்டிராது.

அறிகுறிகள்

கை, கால், முகம் ஆகியவை நோயாளியின் விருப்பமின்றி நெளிந்தும் துள்ளியும் அசைவது இந்நோயின் அடையாளமாகும். கிரேக்கத்தில் நடனம் எனப் பொருள்படும் சொல்லிலிருந்து இதற்குக் கொரியா எனப் பெயர் வந்தது. கொரிய நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தள்ளாடும் நடையைக் கண்டு நோயாளியைக் குடிபோதையில் இருப்பவராகப் பிறர் கருதுவதுண்டு. எரிச்சல், மனச்சோர்வு, திட்டமிட இயலாமை ஆகியன பலரிடம் அசைவுகளுக்கு முன்பே தோன்றுகின்றன. பிற்காலத்தில் பேசுவதும் விழுங்குவதும் கடினமாகின்றன. நுரையீரல் அழற்சியே பெரும்பாலும் இறப்புக்குக் காரணமாகின்றது.

காரணம்

4 ஆம் நிறப்புரியில் உள்ள ஒரு மரபணுவில் சைட்டோசின், அடினின், குவானின் என்னும் மூன்றெழுத்துத் தொடர் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே காரணமாகும். இத்தொடர் 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், வழக்கமான ஆயுட்காலத்துக்குள் நோய் உறுதி எனலாம். 36 முதல் 39 வரை எனில் வரலாம், வராமலும் போகலாம். பெற்றோரில் ஒருவருக்கு இக்குறைபாடு இருப்பின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு.

மருத்துவம்

நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. டெட்ராபெனசின் அசைவுகளைக் குறைக்கும். ஆனால் மனச்சோர்வை மிகுவிக்கக்கூடும்.

முன்னறி சோதனை

தாயை இந்நோய்க்கு இழந்த நான்சி வெக்ஸ்லர், வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்களை 1979 முதல் ஆராய்ந்தார். அங்கு திரட்டப்பட்ட குருதி மாதிரிகளின் துணையுடன் 1983 இல் மரபணுவின் இருப்பிடமும், 1993 இல் மரபணுவும் கண்டறியப்பட்டன. அதன் பின் ஒரு குருதிச் சோதனையே போதுமானதாயிற்று. எனினும், தடுக்க இயலாத ஒன்றை முன்கூட்டி அறிய விரும்பாமல், வாய்ப்புள்ளவர்களில் பெரும்பாலானோர் சோதனையைத் தவிர்க்கின்றனர். பாட்டனாருக்கு இந்நோய் இருந்து, பேரன் சோதித்துக் குறைபாடு உண்டெனத் தெரிந்தால், அறிய விரும்பாத தந்தையின் நிலையும் வெளிப்பட்டுவிடும். எனவே சோதனைக்கு முன் மரபியல் ஆலோசனை வலியுறுத்தப்படுகின்றது. நலமாயுள்ள சிறுவர்களுக்கு இச்சோதனை பரிந்துரைக்கப்படுவதில்லை. வெக்ஸ்லர் தமக்கும் இந்நோய் உள்ளதை 2020 இல் வெளிப்படையாக அறிவித்தார்.