மஜ்லிஸ் என்றால் என்ன?



திருநெல்வேலியில் 'முஸ்லிம் மஜ்லிஸ்' என்று ஓர் அறிவித்தலைக் கண்டால், "இது தொழுகைக் கூட்டமோ?" என்று தமிழ் நண்பர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. எங்கள் ஆட்களே மௌலூது மஜ்லிஸ், ராத்திபு மஜ்லிஸ் என்பதற்கு அப்பால் போவதில்லை.

சொல் அரபு. 'ஜலஸ' என்றால் அமர்ந்தான். மஜ்லிஸ், அமரும் இடம். 'ஸஜத', சிரம் பணிந்தான் என்பதிலிருந்து 'மஸ்ஜித்' பிறந்ததும் இதே அச்சில்தான். இடத்தின் பெயர் பிறகு அங்கே கூடியவர்களுக்கும் ஆனது. 'ஊர் சிரித்தது' என்கிறோமே, அதே இடவாகுபெயர். (பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நல்ல உதாரணம்!)

அரபு நாடுகளில் விருந்தினர் அமரும் அறையே மஜ்லிஸ். அந்த மரபை 2015 இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஈரானில் 1906 இல் தோன்றிய பாராளுமன்றத்துக்கும் இதே பெயர். பக்கத்து மாலைதீவில் 'மக்கள் மஜ்லிஸ்'. பேருவளையிலும் காயல்பட்டினத்திலும் புகாரி மஜ்லிஸ் என்றால் ஹதீஸ் ஓதும் சபை. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலோ அது மாணவர் சங்கம். ஆக, வணக்கத்துக்கு மட்டும் உரிய சொல்லல்ல இது.

குர்ஆனின் 58ஆவது அத்தியாயத்தில் இச்சொல்லின் பன்மை வருகிறது. சபைகளில் இடம்விடச் சொன்னால் நகர்ந்து இடம்கொடுங்கள் என்பதே அங்குள்ள கட்டளை. இன்று எங்கள் கூட்டங்களில் முன்வரிசைக் கதிரைகள் பிரமுகர்களுக்கு. பெண்களுக்குப் பின்னால் ஒரு திரை, கரகரக்கும் ஒலிபெருக்கி. முடிவில் கப்பாரத்துல் மஜ்லிஸ் துஆவை மட்டும் தவறாமல் ஓதிவிடுகிறோம்.

இடம் இல்லாமற் போவது என்னவென்று யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30, விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். சோனகத் தெரு வெறிச்சோடியது. புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் எங்கள் மூத்தவர்கள் மறுபடியும் கூடி அமர்ந்தார்கள், பாய்கூடப் போதாமல்.

அதனால் ஒரு யோசனை. அடுத்த மஜ்லிஸ் அறிவித்தலில், அந்தச் சொல்லுக்குக் கீழே 'ஒன்றுகூடல்' என்று தமிழிலும் எழுதுவோம். அயலவருக்கும் ஒரு பிரதி கொடுப்போம். பெண்களுக்கான கதிரைகளை முன்னுக்கு இழுத்துப் போடுவோம்.