ஓயாத செய்தி

அமெரிக்க நாட்டிலே செய்தி என்பது நெடுங்காலம் ஒரு வேளைக்குரிய பண்டமாகவே இருந்து வந்தது. காலையிற் பத்திரிகை, மாலையிலே தொலைக்காட்சியில் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரமும் 1963ஆம் ஆண்டுக்குப் பின்னரே கிடைத்தது. அதற்கு முன் 15 நிமிடங்களே. சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. என்னும் மூன்று பெரிய நிறுவனங்கள் நியூயோர்க்கில் இருந்துகொண்டு, அன்றைய உலகத்தில் எது செய்தி, எது செய்தியன்று என்பதைத் தீர்மானித்தன. அவை ஒதுக்கியவற்றை நாட்டிற் பெரும்பாலோர் கண்ணாற் கண்டதில்லை.

இவ்வழக்கத்தை உடைத்தவர் செய்தித் துறையிற் பயின்றவரல்லர். தந்தையார் 1963இல் தற்கொலை செய்துகொள்ள, 24 வயதிலே குடும்பத்தின் விளம்பரப் பலகை வணிகத்தைப் பொறுப்பேற்றவர் டெட் டேர்னர். பாய்க்கப்பற் பந்தயங்களிற் பெயர் பெற்ற அவர், 1970இல் அட்லாண்டா நகரில் நட்டத்தில் நடந்த சிறு தொலைக்காட்சி நிலையமொன்றை வாங்கினார். பழைய திரைப்படங்களும் விளையாட்டுப் போட்டிகளுமே அதன் முதல். செய்தியோவெனில், நள்ளிரவு கழிந்து ஊர் உறங்கும் வேளையிலே, கேலியும் கூத்துமாகப் படிக்கப்பட்டது. செய்தியை அவ்வளவு இளக்காரமாக நடத்தியவரே பின்னர் அதற்கென ஒரு நிலையம் அமைத்தது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

1976 டிசெம்பரில் அந்நிலையத்தின் ஒளிபரப்பைச் செய்மதிக்கு ஏற்றி, நாடெங்குமுள்ள கேபிள் நிறுவனங்களுக்கு அவர் அனுப்பத் தொடங்கினார். வீடுகளுக்குக் கம்பி வழியே பல அலைவரிசைகள் செல்லும் காலம் வந்துவிட்டது. அவற்றை நிரப்பப் பண்டம் வேண்டும். திரைப்படத்தையும் விளையாட்டையும் பிறர் பற்றிக்கொண்டனர். எஞ்சியது செய்தி. றீஸ் ஷொன்பெல்ட் என்னும் அனுபவமிக்க செய்தியாளரைத் துணைக்கொண்டு டேர்னர் அதில் இறங்கினார். 1979 டிசெம்பரில், இவர்கள் நம்பியிருந்த செய்மதி விண்ணிற் செலுத்தப்பட்டபின் தொடர்பிழந்து காணாமற் போயிற்று. நீதிமன்றம் ஏறி வேறொரு செய்மதியில் இடம்பெற்றே முயற்சி பிழைத்தது.

1980 ஜூன் 1ஆம் திகதி மாலை, டேவிட் வோக்கர், லோயிஸ் ஹார்ட் என்னும் கணவன் மனைவியர் இருவரும் முதற் செய்தியை வாசித்தனர். அப்போது ஏறத்தாழ 17 இலட்சம் வீடுகளுக்கே சி.என்.என். எட்டியது. உலகம் முடியும்வரை ஒளிபரப்பு நில்லாதென்று டேர்னர் சொல்லிக்கொண்டார். அந்த இறுதி வேளைக்கென ஒரு கிறிஸ்தவ கீதத்தை இராணுவ வாத்தியக் குழுவினர் இசைக்கும் ஒளிப்பதிவு நாடாவும் ஆயத்தமாக வைக்கப்பட்டது. குறைந்த சம்பளம், அனுபவமற்ற இளைஞர், திரையில் அடிக்கடி நேர்ந்த தவறுகள் ஆகியவற்றைக் கண்டு, போட்டியாளர் இதனைக் கோழி நூடில்ஸ் நிலையம் என்று பரிகசித்தனர்.

ஆயினும் ஓயாது விழித்திருப்பவனுக்கு ஒருநாள் பயன் கிட்டும். 1986 ஜனவரி 28ஆம் திகதி சலெஞ்சர் விண்கலம் புறப்பட்டபோது பெரிய நிறுவனங்கள் தம் வழக்கமான நிகழ்ச்சிகளில் ஈடுபட்டிருந்தன. கலம் 73 விநாடிகளில் வெடித்துச் சிதறியதை நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது சி.என்.என். 1989இல் பெய்ஜிங் தியனன்மென் சதுக்கத்தில் மாணவர் திரண்டபோது, சீன அதிகாரிகள் வந்து ஒளிபரப்பை நிறுத்தச் சொல்லும் வாக்குவாதமே நேரடியாக உலகுக்குத் தெரிந்தது.

புகழின் உச்சி 1991 ஜனவரி 17ஆம் திகதி விடியற்காலை. அமெரிக்க விமானங்கள் பக்தாத் நகரைத் தாக்கத் தொடங்கியபோது, அல் ரஷீத் ஹோட்டலின் அறையொன்றிலிருந்து பேர்னாட் ஷோ, ஜோன் ஹொலிமன், பீற்றர் ஆர்னெற் ஆகிய மூவரும் பேசிக்கொண்டேயிருந்தனர். பிறருடைய தொலைபேசிகள் அறுந்தபின்னும், நகரின் தொலைபேசி நிலையத்தைச் சாராத தனிக் கம்பி இணைப்பு இவர்களுக்குக் கைகொடுத்தது. அந்த இரவில் அவர்களிடமிருந்து வந்தது குரல் மட்டுமே. திரையில் நாட்டின் வரைபடமும் மூவரின் நிழற்படங்களும் நின்றன. தொலைக்காட்சியின் மாபெரும் வெற்றியெனப் போற்றப்படும் அந்த இரவிலே தொலைக்காட்சி வானொலியின் தொழிலையே செய்தது!

ஆர்னெற் பக்தாத்திலேயே தங்கினார்; சதாம் ஹுசெயினைச் செவ்வி கண்டார். ஈராக்கியத் தணிக்கைக்கு உட்பட்ட செய்தி என்று அறிவித்தே அவர் அனுப்பியவை காட்டப்பட்டன. அவ்வாறிருந்தும் பகைவனின் வாயாக விளங்குகிறார் என அமெரிக்க அரசியல்வாதிகள் சிலர் சினந்தனர். போர் நடக்கும்போதே எதிரியின் தலைநகரிலிருந்து தன் நாட்டுக் குண்டுகள் விழுவதை ஒரு மக்கட் கூட்டம் பார்ப்பது முன்பு பெரிதும் நிகழாதது.

இதன்பின் ‘சி.என்.என். விளைவு’ என்னும் கருத்து எழுந்தது. 1992இல் சோமாலியப் பட்டினியின் காட்சிகள் அமெரிக்கப் படையை அங்கு அழைத்துச் சென்றன; 1993 ஒக்டோபரில், மொகடிஷு வீதியில் இழுத்துச் செல்லப்பட்ட அமெரிக்கப் போர்வீரனின் சடலம் அப்படையைத் திருப்பி அழைத்தது என்பர். இக்கருத்தை முழுவதும் ஏற்றல் தகாது. சோமாலியச் செய்திகளை ஆராய்ந்த அறிஞர் சிலர், அரசினர் முதலிற் கவனித்தபின்னரே படக்கருவிகள் அங்கு மிகுதியாகச் சென்றன எனக் காட்டினர். 1994இல் ருவாண்டாவிலே இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர்; காட்சிகள் வந்தும் வல்லரசுகள் அசையவில்லை. காட்சி அரசரின் உள்ளத்தை மாற்றுவதிலும், ஏற்கெனவே ஐயுற்றிருக்கும் உள்ளத்தை விரைவுபடுத்துவதே மிகுதி.

விரைவே இந்நிலையத்தின் வலிமை, அதுவே நோயுமாயிற்று. 24 மணி நேரத்தையும் நிரப்பவேண்டுமாயின், நடந்ததைச் சொல்லி முடித்தபின் நடக்கலாம் என்பதைப் பற்றிப் பேசவேண்டியதாகிறது. 2000ஆம் ஆண்டு நவம்பர் தேர்தல் இரவிலே புளோரிடா மாநிலத்தை முதலில் அல் கோருக்கும் பின்னர் ஜோர்ஜ் புஷ்ஷுக்கும் அளித்து, இரண்டையும் மீளப்பெற்ற நிறுவனங்களுள் சி.என்.என்.னும் ஒன்று. ஆயினும் எல்லாத் தவறும் அவசரத்தால் வந்ததன்று. 1970இல் லாவோஸில் அமெரிக்கப் படையினர் நச்சு வாயு பயன்படுத்தினர் என 1998 ஜூனில் வெளியிட்ட செய்தி பல மாத உழைப்பின் பயன். அதனையும் மறுமாதமே கைவிட்டு மன்னிப்புக் கோர நேர்ந்தது.

1996இல் எம்.எஸ்.என்.பி.சி.யும் பொக்ஸ் நியூஸும் தோன்றின. அதே ஆண்டு கட்டாரில் அல் ஜசீரா பிறந்தது. செய்தியாளரை அயல்நாட்டுக்கு அனுப்புவதிலும் நான்கு பேரை ஒரு மேசையைச் சுற்றி இருத்தி வாதாடவிடுவது மலிவானது. அமெரிக்கக் கேபிள் நிலையங்கள் மெல்ல மெல்ல அவ்வழியிற் சென்றன, சி.என்.என்.னும் அதற்கு விலக்கன்று. டேர்னரின் நிறுவனம் 1996இலேயே டைம் வோர்னருடன் இணைந்துவிட்டது. 2018இல் அது ஏ.டி. அன்ட் டி.யின் கைக்கும் 2022இல் வோர்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியின் கைக்கும் மாறிற்று. மக்கள் கேபிள் இணைப்பைக் கைவிட்டு இணையத்துக்குச் செல்வதைக் கண்டு 2022 மார்ச் 29ஆம் திகதி தொடங்கிய கட்டண இணையச் சேவை, ஒரே மாதத்தில் ஏப்ரில் 28ஆம் திகதி மூடப்பட்டது. அட்லாண்டா நகர நடுவில் 1987 முதல் நிலையம் இயங்கிய பெருங்கட்டடத்தின் முகப்பிலிருந்த சிவந்த மூன்றெழுத்துகளும் 2024இல் இறக்கப்பட்டன. ஊழியர் முன்பு தொழில் தொடங்கிய டெக்வூட் பகுதிக்கே திரும்பிச் சென்றனர்.