தூர்க்காமல் விட்ட கடற்கரை

கடலைத் தூர்த்து நிலம் எடுத்தே வளர்ந்த நாடு நம்முடையது. பீச் ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெயரில் மட்டும்தான் கடற்கரை இருக்கிறது. அந்த வரிசையில் சேர்ந்திருக்க வேண்டிய இன்னோர் இடம் செக் ஜாவா. புலாவ் உபினின் கிழக்கு முனையில், ஏறத்தாழ 100 ஹெக்டர்.

அங்கு நிலம் எடுக்கும் திட்டம் 1992லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. அப்போது எதிர்த்துப் பேசியவர்கள் குறைவு. அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே பேசுவதற்கு! 2000 டிசம்பரில் தாவரவியலாளர் ஜோசப் லாய் மாணவர்களோடு அங்கே போனார். நீர் வற்றியிருந்த நேரம். கடற்புல், நட்சத்திர மீன், கம்பளம் போல விரிந்த கடற்சாமந்தி என்று உயிர்கள் நிறைந்து கிடந்தன. சதுப்புநிலக் காடு, மணல்திட்டு, பாறைக் கரை, பவளச் சிதறல் எல்லாம் அடுத்தடுத்து அமைந்த இடம் அது.

தூர்க்கும் பணிக்கு ஓராண்டுதான் இருந்தது. ராஃபிள்ஸ் பல்லுயிர் ஆய்வு அருங்காட்சியகம் தொண்டூழியர்களைத் திரட்டிக் கணக்கெடுப்பில் இறங்கியது. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இடத்தைக் காப்பாற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் அவர்கள் போகவில்லை. அழியப்போவதைப் பதிவாவது செய்வோம் என்றுதான் போனார்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகம் போகிறவர்கள் எல்லாம் சேற்றில் இறங்கினார்கள். செய்தி பரவியது. பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று சாங்கியிலிருந்து படகேறினார்கள். அரசாங்கத்துக்குக் கடிதங்கள் போயின. ஆர்ப்பாட்டம் என்று எதுவும் இல்லை.

2001 டிசம்பரில் அன்றைய தேசிய வளர்ச்சி அமைச்சர் மா பாவ் டான், பணி ஒத்திவைக்கப்படும் என்றார். 2002 ஜனவரியில் விவரம் வந்தது. உபின் தீவு மேம்பாட்டுக்குத் தேவைப்படாத வரை செக் ஜாவா தூர்க்கப்படாது. அந்த ஆண்டே பல் மருத்துவர் சுவா ஈ கியாம் எடுத்த படங்களோடு செக் ஜாவா பற்றி ஒரு நூலும் வெளிவந்தது. பல் பிடுங்குகிறவருக்குக் கடற்கரையில் என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். இப்படிப்பட்டவர்களால்தான் அந்த இடம் நமக்கு மிஞ்சியது.

தப்பித்த இடத்துக்கு ஆபத்து வேறு திசையிலிருந்தும் வந்தது. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூரில் கனமழை. ஆற்று வெள்ளம் கலந்து கடல்நீரின் உப்பு குறைந்ததால், செக் ஜாவாவில் கடற்சாமந்திகளும் மற்ற உயிர்களும் கூட்டமாக மடிந்தன. மண்வாரி இயந்திரத்தை நிறுத்தலாம், மழையை யார் நிறுத்துவது? மறுபடியும் தொண்டூழியர்கள்தான் போய்ப் போய்ப் பார்த்து, எது செத்தது, எது திரும்பி வருகிறது என்று எழுதி வைத்தார்கள். 2007 ஜூலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடைபாலம் திறக்கப்பட்டது. கூட்டம் வந்தாலும் கால்பட்டு உயிர்கள் நசுங்காமல் இருக்க அது உதவுகிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. சட்டப்படி அறிவிக்கப்பட்ட நம் 4 இயற்கைக் காப்பகங்களில் செக் ஜாவா இல்லை. அதற்குக் கிடைத்தது ஒத்திவைப்பு மட்டுமே. அதனால்தான் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒருமுறை அழைத்துப் போங்கள் என்கிறேன். நுழைவுக் கட்டணம் இல்லை. நீர் வற்றும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.