கித்தாவும் கந்தகமும்

மலாய் மொழியில் 'கெத்தா' என்பது மரப்பாலைக் குறிக்கும். அச்சொல்லைக் 'கித்தா' எனத் தமிழாக்கிக்கொண்ட நம் தோட்டப்புற மக்கள் அப்பொருளை நூலால் கற்றவர் அல்லர்; கையால் தொட்டறிந்தவர். பச்சைக் கித்தாவில் கழிவு என்பதே இல்லை என்பது அவர்கள் அறிந்த உண்மைகளுள் ஒன்று. அந்த இயல்பு கித்தாவை விட்டு எவ்வாறு நீங்கியது, அதனை மீட்க அறிவியல் எவ்வாறு முயல்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நெகிரி செம்பிலானில் கித்தாவுக்கு முன் வந்தது காப்பி. 1880களில் சுங்கை ஊஜோங் பகுதியில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இருப்புப்பாதை இணைத்தது. ஆனால் 1890களில் காப்பியின் விலை வீழ்ந்தது. அண்டை மாநிலமான மலாக்காவில் 1896இல் தான் சாய் யான் என்பார் ரப்பரை வாணிக நோக்கில் பயிரிட்டு வழி காட்டினார். அதன்பின் ரந்தாவ், லிங்கி, சிலியாவ், லாபு, பகாவ் எனத் தோட்டங்கள் பெருகின. காடு திருத்தவும் பால் வெட்டவும் கங்காணிகள் தமிழகத்திலிருந்து ஆள் கொணர்ந்தனர். 1938இல் இந்திய அரசு அவ்வரவுக்குத் தடை விதித்தது.

அத்தோட்டங்களின் ஒழுங்கை நோக்குவோம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரைக்குச் சென்று மரம் வெட்டுவர். மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து நிறுத்துக் கொடுப்பர். ஆலையில் அமிலம் கலந்து உறையவைத்து, உருளையில் தகடாக்கிப் புகையில் உலர்த்துவர். மங்கிலே உறைந்த கட்டிப்பாலும், வெட்டுக் கோட்டில் காய்ந்த பாலும், மண்ணில் சிந்தித் திரண்ட பாலும்கூட வீணாவதில்லை. அவற்றைக் கழுவி அரைத்து மீண்டும் தகடாக்குவர். தரம் குறையுமேயன்றிப் பொருள் அழியாது.

இதற்குக் காரணம் யாது? கித்தா என்பது எண்ணற்ற நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளின் தொகுதி. பச்சை நிலையில் அவை ஒன்றோடொன்று கட்டுண்டிருப்பதில்லை. ஆதலால் அவற்றைப் பிசைந்து மீண்டும் வேண்டிய உருவில் வார்க்கலாம். ஆயினும் இக்குணமே குறையும் ஆயிற்று. பச்சை ரப்பரில் செய்த பொருள்கள் வெயிலில் பிசுபிசுத்தன, குளிரில் விறைத்தன.

அக்குறையை நீக்கியது கந்தகம். 1839இல் அமெரிக்கரான சார்லசு குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதி பெறுவதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிகளுக்கிடையே பாலமாக அமைந்து அவற்றை ஒரே வலையாகப் பிணைக்கின்றன. இங்கிலாந்தில் 1843இல் இம்முறைக்கு உரிமை கோரியவர் தாமசு ஆன்காக். இவ்விடத்தில் வரலாறு ஒரு முரணைக் காட்டுகிறது. 1820இல் ரப்பர் வெட்டுத்துண்டுகள் வீணாகாவண்ணம் அவற்றைப் பிசைந்து சேர்க்கும் பொறியை அமைத்தவரும் இதே ஆன்காக்தான்! கழிவைப் பொருளாக்கிய கையே, பின்னர்ப் பொருளை மீளாத கழிவாக்கும் முறையையும் கைக்கொண்டது. கந்தகப் பிணைப்பு ஏறிய ரப்பர் எளிதில் உருகாது, கரையாது. தேய்ந்த சக்கர உறையைப் பழையபடி பாலின் தகடாக்க இயலாது.

மீட்க முயன்றவர் இலர் என்பதன்று. 1899இல் ஆர்தர் மார்க்சு, பழைய ரப்பரைக் காரக் கரைசலில் வேகவைக்கும் முறையை வகுத்தார். இத்தகைய முறைகளில் பாலங்களோடு சங்கிலிகளும் அறுபடுவதால் மீண்ட ரப்பர் வலுக் குன்றியது. 1942இல் மலாயா ஜப்பானியர் வசமானபோது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட், வீட்டிலுள்ள பழைய ரப்பரையெல்லாம் தருமாறு மக்களை வேண்டினார். அவ்வாறு குவிந்ததும் புதுக் கித்தாவுக்கு ஈடாகவில்லை. இங்கோ, அதைத் தந்த தோட்டத் தமிழர் பலர் சயாம் இரயில்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டனர்.

பாலத்தை அறுக்காமலே இடம் மாற்ற முடியுமா என்பதே எஞ்சிய வினா. கோலாட்டத்தில் ஆடுவோர் இணையை மாற்றிக்கொண்டே செல்வர்; ஆயினும் வட்டம் குலைவதில்லை. 1940களில் அமெரிக்க அறிஞர் டொபோல்சுகி, சூடேறிய சில ரப்பர்களில் பிணைப்புகள் இவ்வாறு இடம் மாறுவதை ஆராய்ந்தார். 2011இல் பாரிசில் லூத்விக் லைப்ளரும் குழுவினரும் இக்கருத்தைப் பயன்படுத்தி, வலைப்பிணைப்பு உடையதாயினும் சூட்டில் மீண்டும் வார்க்கத்தக்க பிசினை ஆக்கிக் காட்டினர். அவ்வகைப் பொருளுக்கு 'விட்ரிமர்' எனப் பெயரிட்டனர்.

2015இல் அக்குழுவினர் கித்தாவையும் இவ்வழிக்குக் கொணர்ந்தனர். அவர்கள் எடுத்தது எப்பாக்சி ஏற்றிய இயற்கை ரப்பர்; அதாவது சங்கிலியில் ஆங்காங்கே ஆக்சிஜன் அணுவைச் சேர்த்தது. அதை 1980களில் வளர்த்தெடுத்தது இங்கிலாந்தில் பிரிக்கன்டன்பரியிலிருந்த மலேசிய ரப்பர் ஆய்வுக்கூடம். ஏற்றுமதி ரப்பர் மீது விதித்த ஆய்வு வரியே அத்தகைய ஆராய்ச்சியைத் தாங்கியது; அவ்வரிக்குள் நம்மவர் வெட்டிய பாலின் பங்கும் உண்டு. இரு கந்தக அணுக்கள் கைகோத்த பிணைப்பால் அந்த ரப்பரை வலையாக்கினர். 100 பாகை செல்சியசுக்குக் கீழ் அது வழக்கமான ரப்பர்போல் நின்றது. 150 பாகைக்கு மேல் கந்தக இணைகள் மாறிக்கொள்ள, பொடித்த ரப்பரும் மீண்டும் ஒன்றாகித் தன் வலுவில் பெரும்பகுதியைப் பெற்றது. பூட்டிய கந்தகமே திறவுகோலும் ஆயிற்று.

ஆயினும் மிகைபடக் கூறல் ஆகாது. இது இன்னும் ஆய்வுக்கூடத்தின் வெற்றியே. சுமை தாங்கும் சக்கரத்தில் பிணைப்புகள் அளவின்றி நெகிழ்ந்தால் உருக் கெடும். கரித்தூளும் எஃகு இழையும் கலந்த உறையை மீட்பது மேலும் அரிது.

நெகிரி செம்பிலானின் பெருந்தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. கித்தா வெட்டிய தலைமுறையும் அருகிவிட்டது. நம் வரலாற்றை எழுதுவோர் அவர்களை உழைப்பாளிகளாக மட்டும் பதிந்து விடுகின்றனர். ஒரு துளியும் வீணாகாத பொருளியலை நாள்தோறும் நடத்திக் காட்டியவர்கள் என்பதையும் பதிதல் வேண்டும். மண்ணில் சிந்திய பாலையும் பொறுக்கி எடுத்த அக்கைகளுக்கு, அறிஞர் இன்று தேடுவது புதுமையன்று. உரிமையுள்ள பழம்பொருளே ஆகும்.