தோற்றவரின் உழைப்பு: மெக்காலே குழு அறிக்கையின் ஒரு வாக்கியம் குறித்து

இந்தியக் குடிமைப் பணித் தேர்வு பற்றிய ஆய்வுகளில் 1854 நவம்பரில் மெக்காலே குழு அளித்த அறிக்கைக்கு நிலையான இடம் உண்டு. அதை வாசிக்கும் முறையும் ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளை இந்தியப் பணிக்கு ஈர்ப்பதற்காக எழுதப்பட்ட ஆவணம் அது என்றும், அதிலுள்ள கல்விக் கொள்கைப் பேச்செல்லாம் அந்த வர்க்க நோக்கத்தின் மேற்பூச்சு என்றும் அந்த வாசிப்பு கூறும். இதில் பெரும்பகுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் மேற்பூச்சு என்று தள்ளப்பட்டவற்றுள் ஒரு வாக்கியம் இருக்கிறது. தேர்வின் கட்டமைப்பு முழுவதும் அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது என்று கருதுகிறேன். அந்தக் கட்டமைப்பை நாம் எப்போது கைவிட்டோம் என்பதும் அதைக் கொண்டே தெரியவரும்.

வாக்கியத்தின் பொருள் இது: தேர்வில் தோற்கும் எவரும், பின்னர் எந்தத் தொழிலுக்குப் போனாலும், தேர்வுக்காகச் செலவிட்ட காலத்தையும் உழைப்பையும் எண்ணி வருந்தக் காரணம் இல்லாத வகையில் தேர்வு அமைய வேண்டும். பாடங்களின் பட்டியல் வருவதற்கு முன்பே இது சொல்லப்படுகிறது. பணிக்கு எத்தகையோர் தேவை என்று பேசிவரும் அறிக்கை, பணிக்கு வராமலே போகப்போகிறவர்களைப் பற்றி இங்கே பேசுகிறது. போட்டித் தேர்வு என்றாலே தோற்பவர்கள்தான் பெரும்பான்மை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட வாக்கியம் இது.

இதை அலங்காரம் என்று கொள்வதா, விதி என்று கொள்வதா என்பதை மதிப்பெண் பட்டியலை வைத்தே முடிவு செய்யலாம். ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1,500, கணிதத்துக்கு 1,000, கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750, இயற்கை அறிவியலுக்கும் அறவியல் துறைகளுக்கும் தலா 500, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம், சமஸ்கிருதம், அரபு ஒவ்வொன்றுக்கும் 375. மொத்தம் 6,875. எல்லாப் பாடங்களையும் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவரவர் படித்ததை எழுதலாம். மேலோட்டமாகத் தெரிந்த பாடத்துக்கு மதிப்பெண்ணே தரக்கூடாது என்றும் அறிக்கை வலியுறுத்துகிறது. தேர்வுக்கென்று ஐந்தாறு பாடங்களை நுனிப்புல் மேய்ந்து வருபவரைத் தடுக்கவே இந்த நிபந்தனை.

பட்டியலில் இல்லாதவை இன்னும் அதிகம் பேசுகின்றன. இந்தியாவை ஆளப்போகிறவர்களுக்கான தேர்வில் இந்திய வரலாறு இல்லை, சட்டம் இல்லை, நிதியியல் இல்லை, தமிழோ தெலுங்கோ வங்காளமோ இல்லை. இந்த இன்மையை இந்தியா மீதான அலட்சியத்துக்குச் சான்றாகக் காட்டுவது மேற்சொன்ன ஆய்வு மரபின் வழக்கம். ஆனால் அறிக்கையின் பிற்பகுதியில் இவையனைத்தும் இடம்பெறுகின்றன. முதல் தேர்வில் வென்றவர்கள் தகுதிகாண் பருவத்தில் படித்து, இரண்டாவது தேர்வில் தேற வேண்டிய பாடங்களாக இந்திய வரலாறு, சட்டவியல், வணிக நிதியியல், இந்திய மொழிகள் என்ற நான்கும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. ஆகவே அறிக்கை இவற்றை விலக்கவில்லை. தெரிவுக்கு முன் எது, பின் எது என்று வரிசைப்படுத்துகிறது. வேறு எங்கும் பயன்படும் கல்வி முன்னே வருகிறது. இந்தப் பணிக்கு மட்டுமே பயன்படும் கல்வி, வேலை ஏறத்தாழ உறுதியான பிறகு வருகிறது.

வர்க்க நலனை மட்டும் வைத்து இந்த வரிசையை விளக்க முடியாது. பட்டதாரிகளை ஈர்ப்பது மட்டுமே குறிக்கோள் என்றால், கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் மதிப்பெண்ணை உயர்த்தியதோடு நின்றிருக்கலாம். அல்லது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரியின் பாடங்களை முதல் தேர்விலேயே ஓரிரு தாள்களாகச் சேர்த்திருக்கலாம். அதன் முதல்வர் ஹென்றி மெல்வில் குழுவில் இருந்தவர். குழு இரண்டையும் செய்யாமல், துறைசார் கல்வியின் சுமையைத் தெரிவு செய்யப்பட்டவர்கள் மீது மட்டும் ஏற்றியது. ஆக்ஸ்ஃபோர்டின் பெஞ்சமின் ஜோவெட் தம் பல்கலைக்கழகத்தின் நலனை நினைத்தே குழுவில் அமர்ந்திருந்தார் என்பதை ஏற்கிறேன். ஒரு விதி யாருடைய நலனுக்காகப் பிறந்தது என்பது ஒரு கேள்வி, அது என்ன செய்கிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்ததுமே இரண்டாவது கேள்வியும் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டதுதான் முந்தைய வாசிப்பின் குறை.

அந்த வாக்கியத்துக்கு எல்லை உண்டு. அது நினைத்துப் பார்க்கும் தோற்றவர் ஆங்கிலேய இளைஞர். லண்டனுக்குக் கப்பலேறிப் போய்த் தோற்றுத் திரும்பும் இந்தியர் அதன் பார்வையில் இல்லை. 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் வென்றது நமக்குத் தெரியும். அவரைப் போலவே கடல் கடந்து போய் வெறுங்கையோடு திரும்பியவர்களுக்கு அந்த உழைப்பு என்ன விலையில் முடிந்தது என்ற கேள்வியை அறிக்கை எழுப்பவே இல்லை. சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் கிரேக்கத்தின் பாதி மதிப்பெண்தான் என்ற ஏற்றத்தாழ்வையும் மூடிமறைக்க முடியாது. 1878இல் உச்ச வயது 19 ஆகக் குறைக்கப்பட்டபோது இந்தியர்களுக்கான வாசல் ஏறக்குறைய அடைபட்டது. சுரேந்திரநாத் பானர்ஜி நாடு முழுவதும் சென்று நடத்திய இயக்கம் அதற்கு எதிரானதுதான். இவற்றால் அந்த விதி யாருக்கெல்லாம் மறுக்கப்பட்டது என்று தெரிகிறது. ஆனால் அந்த விதியே தவறு என்று இவை காட்டவில்லை.

லண்டனில் வால்டர் ரென் நடத்தியது போன்ற பயிற்சிக் கூடங்கள் சில ஆண்டுகளிலேயே முளைத்துவிட்டன. எனவே அறிக்கையின் நோக்கம் அப்போதே தோற்றுவிட்டது என்பார்கள். இந்த மறுப்பை நீட்டிப் பேசத் தேவையில்லை. ரென்னிடம் மனப்பாடம் செய்ததும் கணிதமும் லத்தீனும்தான். தோற்ற மாணவர் அவற்றைப் பள்ளி ஆசிரியப் பணிக்கோ வழக்கறிஞர் தொழிலுக்கோ எடுத்துச் செல்லலாம். பயிற்சிக் கூடத்தின் இருப்பைவிட அங்கே பயிலப்படுவது என்ன என்பதே நம் கேள்வி.

இந்த அளவுகோலோடு இன்றைய குடிமைப் பணித் தேர்வுக்கு வருவோம். கோத்தாரி குழுவின் பரிந்துரைப்படி 1979இல் வந்த அமைப்பில் விருப்பப் பாடங்களின் எடை மிகுதி. முதல்நிலைத் தேர்வின் 450 மதிப்பெண்ணில் 300 விருப்பப் பாடத்துக்கு உரியது. முதன்மைத் தேர்விலும் விருப்பப் பாடங்கள் இரண்டு. 2012 வரை முதன்மைத் தேர்வின் 2,000 மதிப்பெண்ணில் அவற்றுக்கு 1,200, அதாவது 60 விழுக்காடு. பொது அறிவுத் தாள்களுக்கு 600.

2011இல் முதல்நிலைத் தேர்விலிருந்து விருப்பப் பாடம் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் திறனறித் தாள் வந்தது. 2013இல் முதன்மைத் தேர்வின் இரண்டு விருப்பப் பாடங்கள் ஒன்றாயின. இப்போது மொத்தம் 1,750இல் விருப்பப் பாடத்துக்கு 500, பொது அறிவுத் தாள்கள் நான்குக்கும் சேர்த்து 1,000. விருப்பப் பாடத்தின் பங்கு 60இலிருந்து சுமார் 29 விழுக்காடாகச் சரிந்தது. பொது அறிவின் பங்கு 30இலிருந்து 57 ஆக உயர்ந்தது. 2015 முதல் அந்தத் திறனறித் தாள் தகுதித் தாளாக மட்டும் ஆகிவிட்டதால், முதல்நிலைத் தேர்வின் கட்ஆஃப் முழுவதையும் பொது அறிவுத் தாளே தீர்மானிக்கிறது.

இந்த மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் சமவாய்ப்பு. ஒரு பாடத்தின் மதிப்பெண்ணை இன்னொரு பாடத்தின் மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியாது, அதனால் சிலருக்கு அநீதி நேர்கிறது என்ற குறை உண்மையானது. அதைத் தீர்க்க எல்லாருக்கும் பொதுவான தாள்களைப் பெருக்கினார்கள். அப்படிச் செய்ததில், பட்டப்படிப்பில் பெற்ற அறிவின் எடை குறைந்து, தேர்வுக்கென்றே தேட வேண்டிய அறிவின் எடை கூடியது. அரசமைப்பின் கூறுகள், அரசுத் திட்டங்களின் பெயர்கள், ஓராண்டு நடப்பு நிகழ்வுகள், ஆட்சியியல் அறவியல் தாளுக்கான விடை வடிவங்கள்: 1854இன் வரிசையில் இவற்றுள் பெரும்பாலானவை தெரிவுக்குப் பின்னரே வந்திருக்கும். பின்னரும் அவை வரத்தான் செய்கின்றன. தெரிவானவர்களுக்கு முசோரியிலுள்ள பயிற்சிக் கழகத்தின் அடிப்படைப் பயிற்சியில் சட்டம், பொருளியல், பொது நிர்வாகம், அரசமைப்பு எல்லாம் மறுபடி கற்பிக்கப்படுகின்றன. அதே பாடத்தைத் தெரிவுக்கு முன் தேர்வர் தம் செலவில் படிக்கிறார், தெரிவுக்குப் பின் அரசு தன் செலவில் கற்பிக்கிறது. தில்லியின் முகர்ஜி நகரிலும் பழைய ராஜிந்தர் நகரிலும் சென்னை அண்ணா நகரிலும் வாடகை அறைகளில் கழியும் ஆண்டுகளின் பெரும்பகுதி முதலாவதில்தான் போகிறது.

விருப்பப் பாடத்தையும் பலர் தம் பட்டத்தோடு தொடர்பின்றித்தான் எடுக்கிறார்கள், பொறியியல் படித்தவர் புவியியலோ மானிடவியலோ எழுதுகிறார் என்ற எதிர்வாதத்துக்கு வலு உண்டு. பழைய அமைப்பும் 1854இன் விதியைத் தூய்மையாகக் காத்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் சொந்தப் பாடத்தையே எழுத விரும்பியவருக்கு அங்கே பாதிக்கு மேல் இடம் இருந்தது. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அரசமைப்பைப் படிப்பது எந்தக் குடிமகனுக்கும் நல்லதுதானே என்பதும் சொல்லப்படுகிறது. நல்லதுதான். அதற்கு ஆறு ஆண்டுகள் தேவையில்லை.

2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,83,213 பேர், பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009 பேர். எழுதியவர்களில் ஆயிரத்துக்கு இருவர்கூட இல்லை. பொதுப் பிரிவினர் 32 வயது வரை ஆறு முறையும், இதர பிற்படுத்தப்பட்டோர் 35 வயது வரை ஒன்பது முறையும், பட்டியல் சாதி, பழங்குடியினர் 37 வயது வரை எத்தனை முறையும் எழுதலாம். இந்தத் தளர்வுகளைக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்தல்ல, அவை நியாயமானவை. வாய்ப்பின் காலத்தை நீட்டும் அரசு, அந்தக் காலத்தில் படிக்கப்படுவது தோற்றவரிடம் எதை விட்டுச்செல்கிறது என்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் கருத்து. நீண்ட காலம் எழுதும் உரிமை பெற்றவர்கள் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் என்னும்போது இந்தப் பொறுப்பு இன்னும் கனக்கிறது. முப்பத்தைந்து வயதில் ஊர் திரும்புபவருக்குச் சென்ற ஆண்டின் நடப்பு நிகழ்வுகள் எந்த வேலையையும் பெற்றுத் தராது.

தேர்வை நடத்தும் மத்தியத் தேர்வாணையத்துக்கு இது தெரியாமல் இல்லை. நேர்காணல் வரை வந்து தெரிவாகாதவர்களின் விவரங்களை, அவர்களது ஒப்புதலோடு, பிற நிறுவனங்கள் பார்க்க வழிசெய்யும் திட்டம் 2018இல் தொடங்கி, இப்போது ‘பிரதிபா சேது’ என்ற பெயரில் நடக்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் 2024இல் நேர்காணலுக்கு வந்தவர்களே 2,845 பேர்தான். முதல்நிலையிலேயே நின்றுவிட்ட ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தப் பாலம் எட்டாது.

துறைசார் அறிவைத் தெரிவுக்குப் பின் தள்ளினால் நிர்வாகம் கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு விடை இன்றைய நடைமுறையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிரிவு ஒதுக்கப்படும் பீகார் இளைஞர் தெரிவுக்கு முன் ஒரு வரி தமிழ்கூடப் படித்திருக்க வேண்டியதில்லை. முசோரியில் கற்கத் தொடங்கி, மாவட்டப் பயிற்சியில் தேறி, சார் ஆட்சியராக மக்களின் மனுக்களை வாசிக்கிறார். ஆட்சியரின் அன்றாட வேலைக்கு மக்கள் மொழியைவிட இன்றியமையாத அறிவு வேறில்லை. அதையே தெரிவுக்குப் பின் கற்பிக்க முடிகிறது. இந்த ஒரு கூறில் 1854இன் வரிசை இன்றும் அப்படியே இயங்குகிறது. யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ஒதுக்கீட்டு மாநிலத்தின் மொழிக்குப் பொருந்துகிற ஏற்பாடு, அரசுத் திட்டங்களின் பட்டியலுக்கும் ஆட்சியியல் அறவியலுக்கும் ஏன் பொருந்தாது என்பதைப் பொது அறிவுத் தாள்களை ஆதரிப்போர்தான் விளக்க வேண்டும். அந்த விளக்கம் வரும்வரை, நான்கு தாள்களில் குறைந்தது இரண்டையாவது முசோரிக்கு அனுப்பிவிட்டு, அந்த 500 மதிப்பெண்ணை ஒருவர் தம் பட்டத்தில் கற்ற பாடத்துக்குத் திருப்பித் தருவதே முறை.