மறைத்த வழக்கும் இழந்த பதவியும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்னெல்லையில், மகாவலியின் கிளையாகிய வெருகலாற்றை அடுத்துக் கிடப்பது வெருகற் பிரதேசம். வயலும் காடும் கடலுமே அங்கு வாழ்வின் ஆதாரங்கள். அரசாங்க உத்தியோகம் ஒரு குடும்பத்தின் நிலையையே மாற்றவல்ல பேறு. அத்தகைய ஊரில் இளைஞனொருவன், அனுமதிப்பத்திரமின்றி ஆற்று மணல் ஏற்றியமைக்காக நீதவான் நீதிமன்றில் தண்டப்பணம் செலுத்தியிருத்தல் கூடும். பணம் கட்டியதோடு வழக்கு முடிந்ததென்றே அவன் கருதுவான். ஆண்டுகள் சில கழிந்தபின், நீதிமன்றத்தினாற் குற்றவாளியாகக் காணப்பட்டதுண்டா என்னும் வினா விண்ணப்பப் படிவத்தில் அவனை எதிர்கொள்ளும். 'இல்லை' என அவன் எழுதும் ஒரு சொல் பின்னர் அவனது பதவியைப் பறித்தலும் கூடும்.

இவ்வினாவை நீதிமன்றங்கள் நோக்கிவந்த முறைக்கு விரிவான சான்று இந்தியாவிற் கிடைக்கின்றது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவியே இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் இயற்றப்பட்டது. இரு நாடுகளின் அரசாங்க சேவைகளும் பிரித்தானிய ஆட்சியின் வழிவந்தவை. ஆதலின் அங்கு நிகழ்ந்தவை இலங்கையராலும் ஆராயத்தக்கன.

தொடக்கத்தில் நீதிமன்றங்களின் நோக்குக் கடுமையாகவே இருந்தது. 1996 இல் டில்லிப் பொலிஸ் சேவைக்குத் தெரிவான ஒருவர், வழக்கிலிருந்து விடுதலை பெற்றிருந்தும், அவரது முன்னைய நடத்தையைக் காரணங்காட்டி நியமனம் மறுக்கப்பட்டமையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2003 இல் தீர்க்கப்பட்ட வழக்கு இன்னும் குறிப்பிடத்தக்கது. கேந்திரிய வித்தியாலய உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், நிலுவையிலிருந்த வழக்கை மறைத்தமைக்காகப் பதவி நீக்கப்பட்டார். தாம் இந்தி மொழியிற் பயின்றவரென்றும் ஆங்கிலப் படிவத்தின் வினாக்கள் தமக்கு விளங்கவில்லையென்றும் அவர் வாதாடினார். பட்டங்கள் பெற்ற ஒருவரின் இவ்வாதத்தை நீதிமன்றம் நம்பவில்லை. வழக்கை அரசாங்கம் பின்னர் மீளப் பெற்றுக்கொண்டமையும் அவருக்குத் துணை செய்யவில்லை. குற்றம் செய்தாரா என்பதன்று, உண்மையை மறைத்தாரா என்பதே அங்கு வினாவாயிற்று.

தமிழ்நாட்டிலும் இந்நோக்கே நிலவியது. ஐயத்தின் பயனாக விடுதலை பெற்றவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவர் என்பது அம்மாநிலக் காவற் பணி விதி. 2008 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் அவ்விதியின் வழிநின்று, வழக்கு எவ்வாறு முடிந்திருப்பினும், அதனை மறைத்தமை விண்ணப்பத்தை நிராகரிக்கப் போதிய காரணமாகும் எனத் தீர்த்தது.

இக்கடுமை 2011 இல் நெகிழ்ந்தது. டில்லிப் பொலிஸ் தலைமைக் காவலர் பதவிக்கு விண்ணப்பித்த ஒருவர், இளமையில் எழுந்து சமரசத்தில் முடிந்த கைகலப்பு வழக்கை விண்ணப்பத்திற் குறிப்பிட்டிலர். தெரிவான பின்னர் தாமாகவே வெளிப்படுத்தினார். அவரது தெரிவை இரத்துச் செய்தல் தகாதென உச்ச நீதிமன்றம் கூறியது. ரொட்டி திருடியமைக்காக வாழ்நாளெல்லாம் முத்திரை சுமந்த விக்டர் ஹியூகோவின் ஜீன் வால்ஜீன் என்னும் பாத்திரத்தை அத்தீர்ப்பு நினைவூட்டிற்று. வெல்ஷ் மொழி உரிமைக்காக லண்டன் நீதிமன்றிற் புகுந்து குழப்பம் விளைவித்துச் சிறையிடப்பட்ட மாணவரை, 1970 இல் டெனிங் பிரபு விடுவித்தமையும் அதில் எடுத்துக்காட்டப்பட்டது.

இவ்வாறு முரண்பட்ட தீர்ப்புக்களை 2016 இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதியரசர் ஆயம் இணக்க முயன்றது. உண்மை கூறுதல் விண்ணப்பதாரரின் கடமையே. ஆயினும் இளமையிற் கோஷமெழுப்பியமை போன்ற அற்பக் குற்றத்தை மறைத்தலும், பாரிய குற்றத்தை மறைத்தலும் ஒன்றாகா. படிவத்தின் வினா தெளிவாக இருத்தல் வேண்டும்; வெளிப்படையாகக் கேளாத ஒன்றைக் கூறாமை மறைப்பாகாது. நிரந்தரமாக்கப்பட்ட ஊழியரை விசாரணையின்றி நீக்குதலும் தகாது.

காலமும் குற்றத்தின் கறையைக் குறைத்தல் வேண்டும் என்னும் கருத்து இங்கிலாந்தில் 1974 இலேயே சட்டமாயிற்று. குற்றவாளிகள் புனர்வாழ்வுச் சட்டத்தின்படி, குறித்த காலம் கடந்த சிறு தண்டனைகளை வெளிப்படுத்த வேண்டியதில்லை. ஆசிரியர், பொலிஸார் முதலிய சில பதவிகளுக்கு மாத்திரம் 1975 இல் விலக்களிக்கப்பட்டது.

பிள்ளைகளையும் பொதுமக்களையும் காக்கும் பொறுப்புடைய அரசு, தன் ஊழியரின் நேர்மையை ஆராய்தல் இன்றியமையாதது. எனினும் ஒருவரின் நேர்மையை ஒரு வினாவால் அளக்க முற்படும் அரசு, அவ்வினாவை அவர் விளங்கும் மொழியில் தெளிவாகக் கேட்டதா, குற்றத்தின் தன்மையையும் காலத்தையும் எடைபோட்டதா, அவரது விளக்கத்தைச் செவிமடுத்ததா என்பனவும் ஆராயப்படல் வேண்டும். தண்டப்பணத்தோடு தன் பிழை தீர்ந்ததென நம்பிய வெருகல் இளைஞனுக்கு நீதி கிடைப்பது இவற்றையே பொறுத்ததாகும்.