கைக்கு வர 62 வருஷம்

ஹெராயின் அளவு மீறினால் ஆள் எப்படிச் சாகிறார்? மூளையில் மூச்சை ஓட்டுகிற பகுதி மெல்ல மெல்ல அடங்கிப்போகிறது. உதடு நீலமாகும். தொண்டையில் குறட்டை மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் இருப்பவர், தூங்குறான்னு நினைச்சு விட்டுவிடுவார்.

இதற்கு மாற்று மருந்து நலோக்சோன். 1961-இல் நியூயார்க்கில் ஜாக் ஃபிஷ்மனும் மோசஸ் லெவன்ஸ்டைனும் உருவாக்கியது. மூளையில் ஹெராயின் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிஷத்தில் மூச்சு திரும்பும். இதனால் போதை ஏறாது, பழக்கமும் ஆகாது. 1971-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அப்புறம் கால் நூற்றாண்டுக்கு அது மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலுமே கிடந்தது. சாவு நடந்ததோ வீட்டு அறைகளில், போலீசுக்குப் பயந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடாத நண்பர்களின் பக்கத்தில்.

1996-இல் சிகாகோவில் டான் பிக் என்பவரும் அவருடைய தோழர்களும் இந்த மருந்தைப் போதை எடுப்பவர்களின் கையிலேயே கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் அளவு மீறிய ஹெராயினால் செத்துப்போயிருந்தார். ‘இது கையில் இருந்தால் இன்னும் துணிஞ்சு எடுப்பாங்க’ என்று எதிர்ப்பு வந்தது. 2014 நடுவில் அமெரிக்கா முழுக்க இப்படிக் கொடுத்துவந்த அமைப்புகளின் கணக்கை எடுத்தபோது, மீட்கப்பட்டதாகப் பதிவானவை 26,463. மீட்டவர்களில் பெரும்பாலோர் போதை எடுப்பவர்களே. இந்த வரலாற்றில் நான் மறுபடி மறுபடி வாசிக்கிற வரி அதுதான். யாரை நம்பக் கூடாது என்று சொன்னார்களோ, அவர்கள்தான் காப்பாற்றியிருக்கிறார்கள்.

2003-இல் ஃபிஷ்மனின் மனைவியுடைய மகன் ஹெராயின் அளவு மீறி இறந்தார். மருந்தை உருவாக்கியவரின் குடும்பத்துக்கே அது எட்டவில்லை. ஃபிஷ்மன் 2013-இல் காலமானார். மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் வாங்கலாம் என்ற நிலை 2023-இல்தான் வந்தது. அதற்கு முன்பே அங்கே எல்லா வகைப் போதைப்பொருளும் அளவு மீறியதால் நேர்ந்த சாவுகள் சேர்த்து ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன.

முதலுதவி சின்னதுதான். தட்டி எழுப்பிப் பாருங்கள். எழவில்லையென்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நலோக்சோன் இருந்தால் மூக்கில் அடியுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே கிளம்பிடாதீங்க. மருந்தின் வேகம் 30 முதல் 90 நிமிஷத்தில் தணியும்; ஹெராயினோ அதைவிடக் கடுமையான ஃபென்டனிலோ உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கலாம். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.